5 லட்சம் பேரின் மரபணுத் தரவில் உறவு அணி கட்டும்போது ஜாப் நின்றுவிடுகிறதா?

வணக்கம். யுகே பயோபேங்க் (பிரிட்டனின் பெரிய மரபணு, உடல்நலத் தரவுத்தொகுப்பு) தரவில் உயரத்தை ஆய்வு செய்கிறேன், ஜிசிடிஏ என்ற மரபணுப் பகுப்பாய்வு மென்பொருளில் உறவு அணி (ஒவ்வொரு இருவருக்கும் மரபணு ஒற்றுமை எவ்வளவு என்ற அட்டவணை) கட்டும்போது 256 ஜிபி நினைவகமுள்ள நோடில் (கணினித் தொகுப்பில் ஒரு கணினி) ஜாப் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கட்டளையில் தவறு இல்லை. 5 லட்சம் பேர் என்றால் ஏறத்தாழ 12,500 கோடி ஜோடிகள். ஜோடிக்கு 4 பைட் வைத்தாலே 500 ஜிபி ஆகிவிடும். ஒவ்வொரு ஜோடிக்கும் எத்தனை ஸ்னிப் (டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் மாறும் ஒற்றை எழுத்து இடம்) பயன்பட்டது என்ற எண்ணிக்கைக் கோப்பு அதே அளவில் தனியாக வரும். இன்னும் பெரிய நோடைத் தேடி அலையாதீர்கள்.

ஜிசிடிஏவின் 'மேக்-ஜிஆர்எம்-பார்ட்' என்ற தேர்வைப் பயன்படுத்தி வேலையை 250 துண்டாக்கி, ஸ்லர்மில் (கணினித் தொகுப்பில் வேலைகளைப் பங்கிடும் மென்பொருள்) ஜாப் அர்ரேயாக, அதாவது ஒரே மாதிரியான பல வேலைகளின் தொகுப்பாக, அனுப்புங்கள். ஒரு துண்டு தோற்றால் அதை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும். முடிந்ததும் துண்டுகளை வரிசை மாறாமல் ஒட்டுங்கள். வரிசை பிசகினால் பிழைச்செய்தி வராது, ஆனால் ஆட்கள் மாறிப்போவார்கள். இதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

அப்புறம், எந்த ஸ்னிப் உயரத்தோடு தொடர்புள்ளது என்று பார்க்கும் தொடர்புச் சோதனை மட்டும்தான் நோக்கம் என்றால் முழு அணியே தேவைப்படாது. 0.05க்குக் குறைவான உறவுகளைப் பூஜ்யமாக்கிய சிதறல் அணியை வைத்து ஜிசிடிஏவிலேயே உள்ள ஃபாஸ்ட்ஜிவாஸ் என்ற தொடர்புச் சோதனை முறையை ஓட்டலாம். இதே சோதனைக்கான ரெஜெனி என்ற வேறு மென்பொருள் என்றால் அந்த அணியும் வேண்டாம், நான் அதைத்தான் முதலில் முயல்வேன். மரபுவழிப் பங்கை (உயர வேறுபாட்டில் மரபணுக்களால் வருவது எவ்வளவு என்பதை) மதிப்பிடவும் திட்டமிருந்தால் சொல்லுங்கள், அதற்கு வழி வேறு.