சாப்பாட்டு நேரம் யாருடையது?

கேள்வி: வரவேற்பு மேசையில் வேலை. சாப்பாட்டுக்கு என்று தினமும் அரை மணி நேரச் சம்பளம் கழிகிறது. ஆனால் எழுந்து போகக் கூடாது, போனையும் எடுக்க வேண்டும். இது சரியா?

பதில்: சரியில்லை. சம்பளம் இல்லாத நேரம் முழுக்க உங்களுடையதாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: வேலையிலிருந்து முழுமையாக விடுவித்தால்தான் அது சாப்பாட்டு இடைவேளை. அதுவும் பொதுவாக 30 நிமிடமாவது இருக்க வேண்டும். மேசையிலேயே சாப்பிடச் சொன்னால் அது வேலை நேரம்தான்.

பல இடங்களில் வருகைப்பதிவு மென்பொருளே அரை மணியைத் தானாகக் கழித்துவிடுகிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அது பார்ப்பதில்லை. அதனால் எத்தனை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தீர்கள், நடுவில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்புறம் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது, நோட்டு நிற்கும்.

கேள்வி: டீ குடிக்கப் போகும் 10 நிமிடத்துக்கும் சம்பளம் பிடிக்கிறார்களே?

பதில்: அமெரிக்காவில் முடியாது. 5 முதல் 20 நிமிடம் வரையிலான சிறு இடைவேளை அங்கே வேலை நேரக் கணக்கில்தான் வரும். பிரிட்டனில் சம்பளம் உண்டா இல்லையா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எடுத்துப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: ஏழு மணி நேர ஷிஃப்டில் இடைவேளையே தருவதில்லை.

பதில்: எந்த நாட்டில் வேலை என்பதுதான் முக்கியம். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் ஜெர்மனியில் 30 நிமிடம், ஜப்பானில் 45 நிமிடம், பிரிட்டனில் 20 நிமிடம் தந்தாக வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமோ வயது வந்தவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளையோ ஓய்வு இடைவேளையோ தரச் சொல்லவே இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிடம் தர வேண்டும். தராவிட்டால் அந்த நாளுக்கு ஒரு மணி நேரக் கூலி கூடுதல்.

கேள்வி: இடைவேளையை விட்டுவிட்டு அரை மணி முன்னதாக வீட்டுக்குப் போகலாமா?

பதில்: ஆசை புரிகிறது. ஆனால் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் இடைவேளை வேலைக்கு நடுவில்தான் வர வேண்டும், கடைசியில் ஒட்டவைக்க முடியாது. களைத்த உடம்புக்கு அந்த ஓய்வு வேலைக்கு நடுவில்தானே தேவை? நிறுவனமே இப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.