இந்தியச் சட்டத்தில் விலங்குகளுக்கு உரிமை உண்டா?

விலங்கைத் துன்புறுத்தாமல் இருக்கும் கடமை மனிதனுக்கு உண்டு. ஆனால் அந்த விலங்கே உரிமை கோரக்கூடிய நபராக அரசமைப்பின் கீழ் ஏற்கப்படவில்லை என்பதே நேரான பதில்.

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 'தேவையற்ற' வலியையே தடுக்கிறது. உணவுக்காகக் கொல்வதும், உரிய முறையில் காயடிப்பதும் மூக்கணாங்கயிறு குத்துவதும் அதன்படி குற்றமல்ல. முதல் குற்றத்துக்கு அச்சட்டம் குறித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான் என்பதிலிருந்தே, அதன் அக்கறையின் ஆழத்தை அளந்துகொள்ளலாம்.

ஜல்லிக்கட்டு வழக்குகள்தாம் இக்கேள்வியை உண்மையில் கூர்மையாக்கின. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவ்விளையாட்டைத் தடைசெய்தபோது, அரசமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் 'உயிர்' என்பதில் விலங்குயிரும் அடங்கும் என்றும், பசி, அச்சம், வலி முதலியவற்றிலிருந்து விடுபட்டு வாழ்வது விலங்குக்கு உரியது என்றும் கூறியது. 2017-இல் மெரினா போராட்டத்தைத் தொடர்ந்து ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. அதை 2023 மே மாதத்தில் ஏற்ற ஐந்து நீதிபதிகள் அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை இருப்பதாகக் கொள்ள முன்னுதாரணம் இல்லை என்றது. அத்தகைய உரிமையை வழங்குவதா என்பதைச் சட்டமன்றங்களிடமே விட்டது.

சட்ட நுணுக்கத்தில் பின்னைய தீர்ப்பு எச்சரிக்கையானது. எனினும், அறநோக்கில் முன்னையதே வலுவானது என்பது என் கருத்து. ஏனெனில் காளையின் வலி, அதை ஏற்படுத்தும் வழக்கம் எத்தனை நூற்றாண்டுப் பழமையுடையது என்பதைப் பொறுத்துக் குறைவதில்லை.