பிள்ளைக் குரல் தொண்டையில் இல்லை

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 67. தெரிந்த பதிப்பாளர் ஒருவருக்காக ஒரு நாவலை ஒலிநூலாக வாசித்து வருகிறேன். அதில் தரம் 5 படிக்கிற சிறுமி ஒருத்தியும் அவளுடைய 16 வயது அண்ணனும் வருகிறார்கள். சிறுமிக்காகக் குரலை எவ்வளவோ மெல்லிசாக்கிப் பார்த்துவிட்டேன், கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். ஜப்பான் கார்ட்டூனில் எண்பது கடந்த பெண்மணி சிறுவனுக்குப் பேசுகிறாரே, எனக்கு மட்டும் ஏன் வராது? கணினியில் குரலை உயர்த்தித் தருகிறேன் என்கிறார் ஒலிப்பதிவு செய்யும் தம்பி. அல்லது சிறுமியின் பகுதியை மட்டும் ஒரு சின்னப்பிள்ளையிடம் கொடுத்துவிடலாமா? மாதிரிக்கு நாலாம் அத்தியாயத்தை அனுப்பியிருக்கிறேன்.
– ஒலிநூல் வாசிப்பவர், உப்புவெளி

பதில்: சேர், அத்தியாயத்தை முழுசாகக் கேட்டேன். கதை சொல்கிற உங்கள் குரலில் ஒரு குறையும் இல்லை. தகப்பன் கடலுக்குப் போன இரவை நீங்கள் வாசித்த விதத்தில் நானும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சிறுமி வாயைத் திறக்கிறாள், எல்லாம் போச்சு. "அம்மா, எனக்கு நித்திரை வருது, ஆனா அப்பா வரும்மட்டும் படுக்கமாட்டன்" என்பதை மூக்கால் இழுத்து, கொஞ்சி, நடுவில் மழலையும் சேர்த்திருக்கிறீர்கள். பத்து வயசுப் பிள்ளைக்கு மழலை ஏது? புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரியூசன் ரியூசனாக ஓடுகிற பிள்ளை அவள். எத்தனையோ வருசம் வகுப்பில் இந்த வயசுப் பிள்ளைகளோடு மாரடித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அங்கே கேட்டது பிள்ளையின் பேச்சு இல்லை, பிள்ளையைக் கொஞ்சுகிற பெரியவரின் பேச்சு. கேட்டவர்கள் சிரித்தது உங்கள் வயசைப் பார்த்து அல்ல, இதைக் கேட்டு.

மெல்லிசாக்குவது ஏன் எடுபடாது என்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. வளர்ந்த ஆணின் குரல்நாண்கள் பேசும்போது செக்கனுக்கு 100 முதல் 130 தடவை வரை அதிரும், பத்து வயசுப் பிள்ளைக்கு அது 250 அளவில். கள்ளக்குரலில் ஏறினால் அந்த உயரத்தை நீங்கள் எட்டிவிடலாம். ஆனால் குரல்நாணிலிருந்து உதடு வரையுள்ள பாதை உங்களுக்கு ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர், பிள்ளைக்கு அது கட்டை. குரலின் நிறத்தைத் தருவது அந்தப் பாதைதான். அதனால் சுருதி ஏறினாலும் ஆள் பெரிய ஆள் என்று காது உடனே கண்டுபிடித்துவிடும். வயசு போகப் போகக் குரல்நாண் மெலிந்து இறுக்கம் குறைவதால் உயரத்தில் பிடித்து நிற்பதும் கஷ்டம், நடுங்கும். உங்கள் பதிவில் மூன்று இடங்களில் நடுங்குகிறது.

நீங்கள் சொல்கிற கார்ட்டூன் பெண்மணி மசாகோ நொசாவா என்று நினைக்கிறேன். 1936இல் பிறந்தவர், 1986இலிருந்து 'டிராகன் பால்' கார்ட்டூனின் நாயகன் கோகுவின் குரல் அவர்தான். ஆனால் பெண்களுக்கு அந்தப் பாதை ஆண்களைவிடக் கட்டை என்பது ஒன்று, திரையில் சிறுவனின் முகம் வரைந்து கிடக்கிறது என்பது இன்னொன்று. முகம் பாதி வேலையைச் செய்துவிடும். உங்களுக்கு முகம் கிடையாது, அதோடு சிறுமி பேசி முடித்த அடுத்த செக்கன் அதே வாயால் கதைசொல்லியாகவும் தாயாகவும் மாற வேண்டும். அவரோடு உங்களை ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம், இரண்டும் வேறு வேறு தொழில்.

சரி, அப்படியென்றால் என்னதான் செய்வது? முதலில், தமிழே உங்களுக்குச் செய்து தருகிற உதவியைப் பாருங்கள். கதை நடப்பது எழுத்துத் தமிழில், பிள்ளை பேசுவது பேச்சுத் தமிழில். "அவள் வாசலிலேயே நின்றாள்" என்று வாசித்துவிட்டு "நான் வரமாட்டன், நீங்க போங்க" என்ற உடனேயே ஆள் மாறியாயிற்று, குரலில் ஒரு துளி மாற்றம் போதும். எழுதியவர் வேறு "என்றாள் சின்னவள்" என்று பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறார். இவ்வளவு இருக்கிற இடத்தில் கீச்சிடுவது, கேட்கிறவருக்கு ஒன்றும் விளங்காது என்று நினைப்பதற்குச் சமம்.

அடுத்தது பிள்ளை பேசுகிற ஓட்டம். பின்னேரத்தில் டச்சுக்குடாக் கடற்கரையில் போய்க் கொஞ்சம் இருங்கள், மைக்கும் வேண்டாம் போனும் வேண்டாம், காதை மட்டும் கொண்டு போங்கள். ஒரு பிள்ளை தாயிடம் கதை சொல்லும்: "நானும் தம்பியும் போனமா, அங்க கோட்டைக்குள்ள மான் நிண்டுச்சா, தம்பி பிஸ்கட் நீட்டினானா, அது பையையே இழுத்துட்டுது!" அந்த 'ஆ'க்கள் ஒவ்வொன்றிலும் குரல் மேலே போகும், போய் அங்கேயே ஒரு கணம் நிற்கும், ஏனென்றால் தாய் "ம்" சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதையே திரும்பச் சொல்லும். மூச்சு எடுப்பதும் பெரியவர்கள் மாதிரி வாக்கியம் முடிந்த பிறகு இல்லை, முடிகிற நேரத்தில் மூச்சு தீர்ந்துபோய்க் கடைசிச் சொல்லை விழுங்கிவிடும், அல்லது சொல்லின் நடுவிலேயே இழுத்து எடுக்கும். எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது, அதனால் மானுக்கும் பிஸ்கட்டுக்கும் ஒரே அழுத்தம். இந்த ஓட்டத்தை உங்கள் சொந்தக் குரலிலேயே பிடித்தால் கேட்கிறவர் பிள்ளையைக் காண்பார். இன்னும் வேண்டுமென்றால் உதட்டைச் சிரிக்கிற மாதிரி லேசாக அகட்டிக்கொண்டு பேசுங்கள், பாதை கொஞ்சம் கட்டையாகிக் குரல் தானாக இளசாகும். சத்தத்தையும் குறையுங்கள். பள்ளிக்கூட மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிய பழக்கம் உங்களுக்கு, மைக் ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது.

நித்திரை வசனத்தை இப்படி முயன்று பாருங்கள். "எனக்கு நித்திரை வருது" என்பதைச் சாதாரணமாக, ஒரு தகவல் போலச் சொல்லிவிடுங்கள். "ஆனா"வுக்குப் பிறகு வேகத்தைக் கூட்டி ஒரே மூச்சில் "படுக்கமாட்டன்" வரை ஓடுங்கள், தாய் தடுக்கும் முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு. அழுகை வேண்டாம். தன் பயத்தை மறைக்கப் பார்க்கிற பிள்ளை அவள், நீங்கள் அழுகையைப் போட்டு அதைக் காட்டிக் கொடுத்துவிட்டீர்கள்.

அண்ணன்காரனிடமும் ஒரு குறை. அவன் பேசும்போதெல்லாம் கோபமாக வாசிக்கிறீர்கள். பதினாறு வயசுப் பொடியன் எப்போதும் கோபத்தில் இருப்பதில்லை, பெரும்பாலும் தப்பிப் போகத்தான் பார்க்கிறான். "ஓம்", "தெரியாது", "பிறகு பாப்பம்" எல்லாமே தட்டையாக, சொல்லின் நுனி கேட்டும் கேட்காமலும் வர வேண்டும். குரல் உடைகிற வயசு என்பதற்காக உடைத்துக் காட்டப் போக வேண்டாம், ஒருதரம் சிரிப்பு வரும், இரண்டாம் தரம் எரிச்சல்தான்.

சின்னப்பிள்ளையைக் கூட்டி வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவர் எல்லாருக்கும் வாசிக்கிறார் என்று கேட்கிறவர் முதல் நிமிசத்திலேயே ஒத்துக்கொண்டுவிட்டார். நடுவில் ஒரு நிஜப் பிள்ளை பேசினால் மற்ற எல்லாரும் பொய்யாகிவிடுவார்கள். நாவல் முழுக்க அந்தச் சிறுமியே 'நான்' என்று சொல்கிற கதையாக இருந்திருந்தால், இளையவர் ஒருவருக்கு விட்டுக்கொடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். வளர்ந்த பிறகு அவள் திரும்பிப் பார்த்துச் சொல்கிற கதை என்றால் வயசான குரல்தான் பொருத்தம். இது இரண்டும் இல்லை, வெளியே நின்று ஒருவர் சொல்கிற கதை. உங்களுக்குத் தாராளமாகப் பொருந்தும்.

கணினியில் உயர்த்துவதும் வேண்டாம். சும்மா உயர்த்தினால் அணில் பேசுவது போல இருக்கும், நிறத்தையும் சுருதியையும் தனித்தனியாக மாற்றுகிற மென்பொருள் இருந்தாலும் நிதானமான உங்கள் ஓட்டத்தை அது மாற்றித் தராது. அந்தத் தம்பியிடம் வேறொரு வேலை கொடுங்கள்: சிறுமியும் அண்ணனும் நன்றாக வந்த இரண்டு வசனங்களை வெட்டித் தனியாக வைத்து, ஒவ்வொரு நாளும் பதிவு தொடங்கும் முன் உங்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பத்தாம் அத்தியாயத்தில் அவள் வேறு பிள்ளையாகிவிடுவாள். நாலாம் அத்தியாயத்தில் அவள் பேசுகிற இடங்களை மட்டும் திரும்பப் பதிந்தால் போதும். கடலுக்குப் போன இரவைத் தயவுசெய்து தொட வேண்டாம்.