கவுன்டர் மூடிய பிறகு எண்ணும் காசு

தம்பி, உன் கேள்வியைப் படித்தேன். டொரண்டோவில் பேங்க் டெல்லராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. கவுன்டர் மூடிய பிறகு கேஷ் எண்ணி டேலி பண்ண தினமும் முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. "முன்அனுமதி வாங்காத ஓவர்டைமுக்குக் காசு கிடையாது" என்கிறார் மேனேஜர். இது சரியா, கேட்டால் வேலைக்கு ஆபத்தா என்கிறாய்.

சரியில்லை.

நானும் பாளையங்கோட்டையில் பேங்க் ஆபீசராக இருந்துவிட்டு வந்தவன்தான். மார்ச் 31 ராத்திரி மேனேஜர் வாங்கித் தரும் பரோட்டாவும் சால்னாவும்தான் எங்களுக்கு ஓவர்டைம். கிளார்க்குகளுக்காவது ஓவர்டைம் காசு உண்டு, ஆபீசருக்கு அந்தப் பேச்சே கிடையாது. அந்தப் பழக்கத்தில் இங்கே முதல் வேலையிலும் ஒன்றரை வருஷம் வாயைத் திறக்கவில்லை. "இங்கேயும் அதே கதைதான்" என்று ஊருக்குப் போனில் வேறு சொன்னேன்.

கனடாவில் பேங்குகள் மத்திய அரசின் சட்டத்துக்குள் வரும். உன் ரூமில் இருக்கும் பையன்கள் வாரம் 44 மணி தாண்டினால்தான் ஓவர்டைம் என்பார்கள். அது ஒன்டாரியோ மாகாணச் சட்டம், கடை, வேர்ஹவுஸ் வேலைக்கு. உனக்கு ஒரு நாளில் 8 மணி அல்லது வாரத்தில் 40 மணி தாண்டினாலே ஒன்றரை மடங்கு. சாப்பாட்டு நேரம் போக உன் ஷிஃப்ட் ஏழரை மணி என்றால், அந்த முக்கால் மணியில் முதல் அரை மணிக்குச் சாதாரணச் சம்பளம், மீதிக் கால் மணிக்கு ஒன்றரை மடங்கு.

முன்அனுமதி விஷயத்துக்கு வருவோம். வேலை செய்யச் சொன்னாலும், செய்ய விட்டாலும் காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். நீ எண்ணிக்கொண்டிருப்பதை மேனேஜர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாலே போதும். இதே முன்அனுமதி விதியை எதிர்த்துத்தான் சிஐபிசி பேங்கின் டெல்லர் டாரா ஃப்ரெஸ்கோ 2007இல் எல்லா ஊழியர்களுக்கும் சேர்த்து வழக்குப் போட்டார். 2020இல் ஒன்டாரியோ உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது, 2022இல் அப்பீல் கோர்ட்டும் அதையே சொன்னது. 2023இல் 15.3 கோடி டாலருக்குப் பேங்க் இறங்கி வந்தது. பதினாறு வருஷம்! நம்ம ஊர் கோர்ட்டை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

நீ உடனே சண்டைக்குப் போக வேண்டாம். வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் தினமும் சொந்த நோட்டில் எழுது, பேங்க் கம்ப்யூட்டரில் வேண்டாம். அப்புறம் மேனேஜருக்கு மரியாதையாக ஒரு ஈமெயில்: "நேற்று டேலி முடிய 6.20 ஆகிவிட்டது, டைம்ஷீட்டில் போடட்டுமா?" அவர் முடியாது என்று பதில் போட்டாலும் அது உனக்குச் சாட்சி. அதற்கும் மசியவில்லை என்றால் மத்தியத் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. முகம் கொடுத்துப் பேசமாட்டார், அதைக் கொஞ்சநாள் தாங்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. "உனக்கு அசிஸ்டன்ட் மேனேஜர் பட்டம் தருகிறோம், இனி ஓவர்டைம் இல்லை" என்பார்கள். மேனேஜர்களுக்கு இந்த மணிக் கணக்கு கிடையாது, உண்மைதான். ஆனால் பட்டத்தை வைத்து அதைத் தீர்மானிக்க மாட்டார்கள், பார்க்கும் வேலையை வைத்துத்தான்.

சம்பளம் தர வேண்டிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் புகார் போக வேண்டும். நான் இங்கே பார்த்த அந்த முதல் வேலையை விட்டு எட்டு மாதம் கழித்துத்தான் இதையெல்லாம் விசாரித்தேன். நேரம் எழுதி வைத்த நோட்டு ஒன்றும் கையில் இல்லை.

உன் ஷிஃப்ட் எத்தனை மணி என்று எழுது. நாலு மாதத்துக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.