சேத் மெக்ஃபார்லேன்: ஒரே தொண்டையில் ஒரு குடும்பம் (கேள்வி பதில்)

பெரியவர்களுக்கான அனிமேஷன் நகைச்சுவையில் ‘ஃபேமிலி கை’, ‘அமெரிக்கன் டாட்’ தொடர்களைத் தந்த சேத் மெக்ஃபார்லேன் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எனக்குக் குரல் வேலையில் ஆர்வம் அதிகம். அதனால் பதில்களும் அந்தப் பக்கம்தான் சாயும்.

கேள்வி: சார், இவர் நடிகரா, கார்ட்டூனிஸ்டா? முதலில் எதில் ஆரம்பித்தார்?

படம் வரைவதில். 1973-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கென்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே உள்ளூர் பத்திரிகையில் ‘வால்ட்டர் க்ரூட்டான்’ என்று ஒரு சித்திரத் துணுக்கு வரைந்தார். வாரம் 5 டாலர் சம்பளம். அதில் ஒரு தடவை, தேவாலயத்தில் நற்கருணை வாங்க மண்டியிட்டிருப்பவர் பாதிரியாரிடம் “இதோடு கொஞ்சம் ஃப்ரைஸ் கிடைக்குமா?” என்று கேட்பதாக வரைந்துவிட்டார். ஊர் பாதிரியார் கோபமாகக் கடிதம் எழுதினார். பின்னாளில் மெக்ஃபார்லேன் கிளப்பிய சர்ச்சைகளின் விதை அதிலேயே இருக்கிறது.

அப்புறம் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைனில் அனிமேஷன் படித்தார். 1995-ல் அங்கே எடுத்த ‘த லைஃப் ஆஃப் லாரி’ என்ற மாணவர் படத்தை அவருடைய பேராசிரியர் ஹன்னா-பார்பரா ஸ்டுடியோவுக்கு அனுப்பிவைக்க, வேலை கிடைத்தது. நம்மில் பலர் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்து வளர்ந்த ‘ஜானி பிராவோ’வுக்கு எழுதியவர்களில் இவரும் ஒருவர்.

கேள்வி: அவ்வளவு சின்ன வயதில் ஒரு பெரிய சேனல் எப்படித் தொடரைத் தூக்கிக் கொடுத்தது?

உடனே கொடுத்துவிடவில்லை. ஃபாக்ஸ் நிறுவனம் 50,000 டாலர் கொடுத்து மாதிரி எபிசோட் ஒன்று செய்துவரச் சொன்னது. ஒரு அனிமேஷன் பைலட்டுக்கு அது சொற்பக் காசு. சுமார் ஆறு மாதம் வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்து வரைந்து முடித்தார். எழுத்து, படம், முக்கியமான குரல்கள் எல்லாமே அவருடையவை. வெளி ஆளுக்குப் பணம் கொடுக்கும் தேவை குறைந்ததால்தான் அந்தக் காசுக்குள் வேலை முடிந்தது. அவர் வாழ்க்கையில் முக்கியமான திருப்பம் இதுதான் என்பேன். 1999 ஜனவரி 31 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டம் முடிந்த கையோடு ‘ஃபேமிலி கை’ ஒளிபரப்பானது. அப்போது அவருக்கு வயது 25.

கேள்வி: பீட்டர், ஸ்டூயி, பிரையன் மூவருமே இவர் குரல் என்பதை நம்ப முடியவில்லை. எங்கிருந்து பிடித்தார்?

மூவரும் ‘ஃபேமிலி கை’ குடும்பத்தார். பக்கத்து வீட்டு குவாக்மயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா பீட்டரின் தடித்த நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) பேச்சு, அவர் படித்த கல்லூரியில் இருந்த ஒரு காவலாளியைக் கேட்டுப் பிடித்தது. குழந்தை ஸ்டூயிக்கு ஆங்கில நடிகர் ரெக்ஸ் ஹாரிசனின் மிடுக்கு. குவாக்மயர் 1950-களின் வானொலி அறிவிப்பாளர் போல வேகமாகப் பொரிவார். நாய் பிரையனுக்குக் கிட்டத்தட்ட அவருடைய சொந்தக் குரலேதான்.

இதன் உச்சத்தைக் கேட்க வேண்டுமென்றால் 2010-ல் வந்த ‘பிரையன் அண்ட் ஸ்டூயி’ எபிசோடைப் பாருங்கள். இருவரும் வங்கிப் பெட்டக அறைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தொடரின் அடையாளமான திடீர் கிளைக்காட்சிகள் ஒன்றுகூட இல்லை. முழுக்கப் பேச்சுதான். ஒருவர் இன்னொருவரைக் காயப்படுத்துவதும், பிறகு தயங்கித் தயங்கி மனதைத் திறப்பதும் ஒரே மனிதரின் தொண்டையிலிருந்து வருகின்றன. பார்க்கும்போது அது நினைவுக்கே வராது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பதுகூடக் குரலில் தெரிகிறது. பார்த்த நாளிலிருந்து எனக்கு அவருடைய ஆகச் சிறந்த வேலை அதுதான்.

கேள்வி: நம் ஊர் டப்பிங் மாதிரி திரையில் வாயசைவைப் பார்த்துத்தான் பேசுவார்களா?

இல்லை, அங்கே குரல்தான் முதலில். எழுத்தாளர் குழு ஸ்கிரிப்ட் எழுதும். நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள், சிரிப்பு வராத இடம் வெட்டப்படும். அடுத்து ஒலிப்பதிவு. அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஸ்டோரிபோர்டு (காட்சிகளின் வரிசைப் படங்கள்) வரைகிறார்கள், முழு அனிமேஷன் பெரும்பாலும் தென்கொரிய ஸ்டுடியோக்களில் நடக்கிறது. டப்பிங் கலைஞர் இன்னொருவர் வாய்க்குள் தன் குரலைப் பொருத்த வேண்டும். இங்கே இழுத்துப் பேசுவதா, நிறுத்துவதா என்பதைக் குரல் தீர்மானிக்கும், படம் பின்னால் வரும்.

கேள்வி: ஒருமுறை தொடரையே நிறுத்திவிட்டார்களாமே?

ஆமாம், ‘ஃபேமிலி கை’யை, 2002-ல். நேரத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வியாழக்கிழமை மற்ற சேனல்களில் ‘ஃப்ரெண்ட்ஸ்’, ‘சர்வைவர்’ என்ற பிரபல நிகழ்ச்சிகள் ஓடும் நேரத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். யார் பார்ப்பார்கள்? அடுத்த ஆண்டு பழைய எபிசோடுகள் கார்ட்டூன் நெட்வொர்க்கின் பெரியவர்களுக்கான இரவு நேரப் பிரிவான அடல்ட் ஸ்விம்மில் ஓட, டிவிடியும் அமோகமாக விற்றது. 2005 மே 1 அன்று புது எபிசோடுகளோடு திரும்பியது. அதே வருடம் மைக் பார்க்கர், மேட் வெய்ட்ஸ்மனுடன் சேர்ந்து உருவாக்கிய ‘அமெரிக்கன் டாட்’டும் வந்தது. அதில் அப்பா ஸ்டானும் வேற்றுக்கிரகவாசி ரோஜரும் இவர் குரல்.

கேள்வி: 2001 செப்டம்பர் 11 விமானக் கதை உண்மையா?

உண்மை. கல்லூரியில் பேசிவிட்டு, பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் செல்லும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 11-ல் பதிவு செய்திருந்தார். டிக்கெட் ஏற்பாட்டில் நேரம் தவறாகக் குறிக்கப்பட்டதால் தாமதமாக வந்து விமானத்தைத் தவறவிட்டார். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் முதலில் மோதியது அந்த விமானம்தான்.

கேள்வி: என் பையனுக்குப் பத்து வயது. கார்ட்டூன்தானே, பார்க்க விடலாமா?

வேண்டாம். பாலியல் பேச்சு, வன்முறை, மதம், இனம் பற்றிய கேலி எல்லாம் தாராளமாக உண்டு. கருக்கலைப்பு பற்றிய ஒரு எபிசோடை ஃபாக்ஸே ஒளிபரப்ப மறுத்தது. பெரியவனாகித் தானே தேடிப் பார்க்கட்டும்.

கேள்வி: அந்தக் கேலிகளில் எல்லாமே உங்களுக்குச் சம்மதமா?

இல்லை. பலவீனமானவர்களைச் சீண்டுவதோடு நின்றுவிடும் இடங்கள் நிறைய, அவை எனக்குக் கசக்கின்றன. சில விஷயங்கள் மாறியும் வருகின்றன. ‘ஃபேமிலி கை’யின் கறுப்பினப் பாத்திரமான கிளீவ்லண்டுக்குப் பேசிவந்த வெள்ளையர் மைக் ஹென்றி 2020-ல் தானாக விலகினார். இப்போது ஆரிஃப் ஜாஹிர் பேசுகிறார்.

கேள்வி: சினிமாவில் எப்படி?

‘டெட்’ (2012) உலகம் முழுக்க 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதிலும் கரடி பொம்மைக்கு அவர்தான் குரல். 2014-ல் அவரே முகம் காட்டி நாயகனாக நடித்த வெஸ்டர்ன் படம் சோபிக்கவில்லை.

கேள்வி: அண்ணா, எனக்கு மிமிக்ரி நன்றாக வரும். இவர் மாதிரி ஆக என்ன செய்ய வேண்டும்?

தம்பி, மிமிக்ரியில் யார் குரல் என்று கூட்டம் கண்டுபிடித்ததும் கைதட்டு விழும். பாத்திரத்துக்கு அது போதாது. ஸ்டூயியை ரசிப்பவர்களில் பெரும்பாலோருக்கு ரெக்ஸ் ஹாரிசன் யாரென்றே தெரியாது. அந்தக் குரலுக்கு ஒரு கோபம், ஒரு பயம், ஒரு பாசம் கொடுத்ததால்தான் 2000-ல் அதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது கிடைத்தது. ஒரு குரலை எடுத்துக்கொண்டு, அந்த ஆள் கடன் கேட்டால் எப்படிக் கேட்பான், மன்னிப்புக் கேட்டால் எங்கே திணறுவான் என்று நீயே நாலு வரி எழுதிப் பேசிப் பதிவு செய். பாட்டும் கற்றுக்கொள். அவர் முறையாகக் குரல் பயிற்சி எடுத்தவர், 2011-லிருந்து பழைய பாணிப் பாடல் ஆல்பங்களும் வெளியிடுகிறார். 2010 வாக்கில் ‘ஃபேமிலி கை’யின் அன்றாட எழுத்து வேலையை மற்றவர்களிடம் விட்டவர், குரல் கொடுப்பதை மட்டும் விடவில்லை.