மூளைல "கனெக்‌ஷன் வீக்"னு சொல்றாங்க, ஃபீஸ் கட்டலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டைல இருக்கோம் சார். பையன் நாலாவது படிக்கிறான், வாயால கேட்டா டக்குனு பதில் சொல்றான், எழுத படிக்க சொன்னா திணறுறான். இங்க ஒரு சென்டர்ல தலைல ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுத்துட்டு மூளைல கனெக்‌ஷன் வீக்கா இருக்கு, கோர்ஸ் சேத்துவிடுங்கன்றாங்க. ஃபீஸ் ரொம்ப ஜாஸ்தி. கட்டலாமா?

பதில்: கட்டாதீங்கம்மா.

கனெக்‌ஷன்னு அவங்க சொல்றது முழுக்க புருடா இல்ல, அதான் சிக்கலே. 2020ல கேம்பிரிட்ஜ்ல 479 பசங்களோட மூளைய ஸ்கேன் பண்ணாங்க, பாதிக்கு மேல படிப்புல சிரமப்படுற பசங்க. கணக்கு வராதவனுக்கு இந்த இடம், படிக்க வராதவனுக்கு அந்த இடம்னு எதுவும் சிக்கல, ஆனா மூளைல நிறைய லைன் வந்து சேர்ற முக்கியமான ஜங்ஷனுங்க நல்லா இணைஞ்சிருந்த பசங்களுக்கு ஒண்ணு சிரமமே இல்ல, இல்லன்னா ஏதோ ஒரு விஷயத்துல மட்டும், அதுவே அந்த இணைப்பு சுமாரா இருந்தவங்களுக்கு பல விஷயத்துல சிரமம். நம்ம பேசின் பிரிட்ஜ்ல சிக்னல் மாட்டுனா கும்மிடிப்பூண்டி வண்டியும் நிக்கும் அரக்கோணம் வண்டியும் நிக்கும்ல, அது மாதிரி.

ஆனா இதெல்லாம் கூட்டத்தோட சராசரி. 2022ல நேச்சர்ங்கிற அறிவியல் ஜர்னல்ல சுமார் 50,000 பேரோட ஸ்கேன் டேட்டாவ அலசி, மூளை இணைப்புக்கும் அறிவுத்திறனுக்கும் இருக்குற தொடர்பு ரொம்ப சின்னது, நம்பகமா தெரியணும்னாலே ஆயிரக்கணக்குல ஆளுங்க வேணும்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஒரே ஒரு பையனுக்கு ஒயர ஒட்டி இவங்க என்னத்த கண்டுபுடிச்சாங்க?

இன்னொண்ணு, இணைப்பு மாறும். 2009ல கார்னகி மெலன் யூனிவர்சிட்டில, படிக்க திணறுற 8லருந்து 10 வயசு பசங்களுக்கு 100 மணி நேரம் வாசிப்பு பயிற்சி குடுத்து பாத்தா, மூளையோட வெள்ளைப்பகுதில இருக்குற நரம்பிழைங்களே மேம்பட்டிருந்துச்சு. தலைல ஒயர் ஒட்டி எதுவும் பண்ணல, வாசிப்பு பயிற்சிதான்.

வீட்டுல இத பண்ணிப் பாருங்க. அவன் படிக்காத ஒரு பக்கத்த நீங்க வாசிச்சுட்டு கேள்வி கேளுங்க, அடுத்த பக்கத்த அவனையே சத்தமா வாசிக்க விடுங்க, திருத்தாதீங்க, அதட்டாதீங்க. நீங்க வாசிச்சதுக்கு கரெக்டா சொல்லி, அவன் வாசிக்கும்போது மட்டும் "பள்ளிக்கூடம்"ல முதல் எழுத்த பாத்துட்டு "பல்லி"னு அடிச்சு விடுறான், ஒத்தக்கொம்பு ரெட்டக்கொம்பு மாறுதுன்னா, புரிஞ்சிக்கிறதுல பிரச்சனை இல்ல, வாசிக்கிறதுலதான். டிஸ்லெக்சியாவா, அதாவது எழுத்த வாசிக்கிறதுல வர்ற கற்றல் குறைபாடா இருக்கலாம், அத டெஸ்ட் பண்ணாம முடிவு பண்ணக் கூடாது.

அதுக்கு முன்னாடி கண்ணு, காது, ரத்தத்துல ஹீமோகுளோபின் மூணும் பாத்துடுங்க. போர்டு தெரியாம உக்காந்திருக்குற பசங்க நிறைய பேர். தூக்கம் அவன் வயசுக்கு 9 மணி நேரத்துக்கு குறையக் கூடாது, ராத்திரி போன புடுங்கி வைங்க.

அப்புறம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி குழந்தைங்க ஓபில காட்டி, கற்றல் குறைபாடு டெஸ்ட் எங்க எடுக்கணும்னு கேளுங்க. சென்டர் ரிப்போர்ட்டு வேணாம், அவனோட நோட்டுங்கள எடுத்துட்டு போங்க. குறைபாடுன்னு உறுதியானா சர்டிபிகேட் வாங்கி வச்சிக்கோங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இதுவும் வருது, பின்னாடி பப்ளிக் எக்ஸாம்ல கூடுதல் நேரம், எழுதித்தர ஆளுன்னு சலுகை கேக்க அது வேணும்.