மனிதரான கடவுள்: சில கேள்விகள், சில பதில்கள்

இயேசு பாதி கடவுள், பாதி மனிதர் என்று புரிந்துகொள்ளலாமா ஐயா?

கூடாது. முழுக் கடவுள், முழு மனிதர், ஆனால் ஒரே ஆள் என்று கி.பி. 451-இல் ஆயர்கள் கூடிய கல்செதோன் பொதுச்சங்கம் முடிவாகச் சொல்லிவிட்டது. இறை இயல்பும் மனித இயல்பும் ஒன்றோடொன்று கலந்துவிடவுமில்லை, பிரிந்து நிற்கவுமில்லை. இது எப்படி நிகழ்ந்தது என்று சங்கம் விளக்கப் புகவில்லை. எப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று வரையறுத்ததோடு நிறுத்திக்கொண்டது. அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும்.

“இயேசு பூமிக்கு வந்துவிட்டால் உலகத்தை யார் பார்த்துக்கொண்டார்கள்?” என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். விழித்தேன்.

கெட்டிக்காரச் சிறுமி! ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவியார் என மூன்று ஆள்களாய் இருக்கிறார் என்பது நம் நம்பிக்கை. மனிதரானவர் மகன், தந்தையோ தூய ஆவியாரோ அல்லர். மகனும் தம் இறைத்தன்மையை விண்ணகத்தில் விட்டுவிட்டு வரவில்லை. தீவனத் தொட்டியில் கிடந்தபோதும் உலகைத் தாங்கியவர் அவரே. அவளுக்கு இப்போதைக்கு இது போதும்.

கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. சிலுவைச் சாவுக்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசு பட்ட வேதனை நடிப்புதானே?

அது நடிப்பென்றால் நம் மீட்பும் நடிப்புதான். கிறிஸ்து எதை ஏற்கவில்லையோ அது குணமாகவில்லை என்று 4-ஆம் நூற்றாண்டிலேயே ஆயர் நசியான்சு கிரகோரியார் எழுதிவிட்டார். உடலை மட்டும் எடுத்துக்கொண்டு மனித மனத்தை விட்டிருந்தால், நம்மில் நோய் முற்றிய இடத்துக்கு மருந்தே இல்லை. மாற்கு நற்செய்தியைப் பாருங்கள்: புயலில் படகு நிரம்புகிறது, அவரோ பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். அந்தக் களைப்பு உண்மை. தோட்டத்து நடுக்கமும் அப்படியே. துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று மனிதராய்க் கேட்டார். தந்தையின் விருப்பத்துக்கு மனிதராகவே இணங்கினார்.

கிறிஸ்துவுக்கு மனித விருப்பமும் உண்டு என்று வாதாடிய துறவி மாக்சிமுஸின் நாவையும் வலக் கையையும் 662-இல் வெட்டி நாடு கடத்தினார்கள். அந்த ஆண்டே இறந்தார். 681-இல் முடிந்த மூன்றாம் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் அவர் சொன்னதையே ஏற்றது.

நான் வைணவக் குடும்பத்தவன். எங்களுக்குப் பத்து அவதாரங்கள். உங்களுக்கு ஏன் ஒன்றே ஒன்று?

எல்லாம் ஒன்றுதான் என்று மழுப்பினால் இரு மரபுக்கும் மரியாதை இல்லை. தருமம் குலையும் போதெல்லாம் வருகிறேன் என்கிறது கீதை. கத்தோலிக்க நம்பிக்கையில் கடவுள் மனிதரானது ஒரே முறை. அதுவும் இன்னும் முடியவில்லை. உயிர்த்தெழுந்தவர் சீடர் முன் வேகவைத்த மீன் துண்டை வாங்கி உண்டார். அதே உடலோடு விண்ணேற்றமடைந்தார். இன்றும் அவர் மனிதர்தாம். கத்தோலிக்கரிலேயே பலர் இதை மறந்துவிட்டு, முப்பத்து மூன்று வயதோடு கதை முடிந்ததாக நினைக்கிறார்கள்.

ஆதாம் பாவம் செய்யாதிருந்தால் கடவுள் மனிதராகியிருப்பாரா?

வந்திருக்கமாட்டார் என்று சொல்வதே விவிலியத்துக்குப் பொருந்தும் என்றார் இடைக்கால இறையியலாளர் அக்குவினா தோமா. பாவம் இல்லாவிட்டாலும் வந்திருப்பார் என்றார் இன்னொரு இடைக்கால இறையியலாளர் தன்ஸ் ஸ்காட்டஸ். திருச்சபை எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. என் சாய்வு ஸ்காட்டஸ் பக்கம்.

திருப்பலியில் சொல்லும் நம்பிக்கை அறிக்கையில் ‘மனிதர் ஆனார்’ என்னுமிடத்தில் ஏன் தலை வணங்குகிறோம்?

கடவுள் நம் நிலைக்கு இறங்கியதற்கு நாம் செய்யும் வணக்கம் அது. கிறிஸ்து பிறப்பு விழாவிலும், இயேசுவின் பிறப்பை வானதூதர் மரியாவுக்கு அறிவித்ததை நினைவுகூரும் மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாளிலும் அந்த வரியில் முழந்தாளிட வேண்டும். பல பங்குகளில் பாட்டின் வேகத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் நினைவூட்டுங்கள்.